மியூனிக்கில் சனி, ஞாயிறை எப்படிக் கழிப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி: வேலைக்காக மியூனிக் வந்து நான்கு மாதம் ஆகிறது, தனியாக இருக்கிறீர்கள், வார நாட்கள் அலுவலகத்தோடு போய்விடுகின்றன, சனி ஞாயிறு மட்டும் அறைக்குள்ளேயே கிடக்கிறீர்கள். நொய்ஷ்வான்ஷ்டைன் கோட்டை, சால்ஸ்பர்க், சுக்ஷ்பிட்சே மலை எல்லாம் பார்த்தாயிற்று, இனி எங்கே போவது, ஞாயிற்றுக்கிழமை ஒரு கடைகூடத் திறக்காத ஊரில் மனிதர்கள் என்னதான் செய்கிறார்கள், பேசாமல் பெர்லினுக்கு வேலை மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் ஊர்ப் பட்டியல் கேட்பது போலத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று பெரிய இடங்களை நான்கு மாதத்தில் முடித்தவருக்கு நான்காவது இடத்தின் பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? இங்கே குடியிருக்கிற ஒருவர் தன் வாரக் கடைசியை எப்படிப் பழக்கிக்கொள்வது என்று கேட்டதாக எடுத்துக்கொள்கிறேன். பத்து வருடத்துக்கு மேல் இங்கே இருக்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்கு வீடு, பதிவு, ரயில் என்று வழி சொல்லும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. நான் சொல்வதெல்லாம் மியூனிக்குக்கும் அதற்குத் தெற்கே இருக்கும் பகுதிக்கும்தான் பொருந்தும். சின்னக் குழந்தைகளோடு இருப்பவர்களின் கணக்கே வேறு, அதைப் பற்றி அவர்கள்தான் எழுத வேண்டும்.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை விஷயம், ஏனென்றால் உங்கள் எரிச்சலில் பாதி அங்கேதான் இருக்கிறது. ஏதோ கடைக்காரர்களின் சோம்பேறித்தனம் என்று நினைத்தால் அது தவறு. ஞாயிறும் பண்டிகை நாட்களும் ஓய்வுக்கானவை என்று 1919-ல் வைமார் அரசியல் சட்டத்தில் எழுதினார்கள், 1949-ல் இன்றைய அரசியல் சட்டம் வந்தபோது அந்தப் பிரிவை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். தேவாலயங்களும் தொழிற்சங்கங்களும், மற்ற விஷயங்களில் எதிரெதிராக நின்றாலும், இதை மட்டும் சேர்ந்து காப்பாற்றுகின்றன. அதனால் இது மாறும் என்று காத்திருக்க வேண்டாம். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் கூடுதலாக ஒன்று, பெர்லின் மாதிரி இடங்களில் வார நாளில் நள்ளிரவு வரைகூடக் கடை திறந்திருக்கும், இங்கே இரவு 8 மணிக்கு மூடிவிடுவார்கள். ஞாயிறன்று திறந்திருப்பவை மத்திய ரயில் நிலையமான ஹாப்ட்பான்ஹோஃபிலும் விமான நிலையத்திலும் உள்ள கடைகள், பெட்ரோல் பங்க், காலையில் சில மணி நேரம் பேக்கரி, அநேகமாக அவ்வளவுதான். சுவரில் துளை போடுவது, புல் வெட்டும் மெஷின் ஓட்டுவது, காலி கண்ணாடி பாட்டில்களைத் தெருத் தொட்டியில் போடுவது எதுவும் ஞாயிறு கூடாது. பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டுவார், தட்டினால் அவர் பக்கம்தான் நியாயம்.

இதற்கு ஒரே வழி சனிக்கிழமை காலையை வேலைக்கு ஒதுக்கிவிடுவது. பதினொரு மணிக்குள் காய்கறி, பால், அரிசி வாங்கிவிடுங்கள், தண்ணீர் பாட்டிலும் கேனும் சேர்ந்திருந்தால் அதே நடையில் கடை மெஷினில் போட்டு பாட்டிலுக்கு 25 சென்ட் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், துணி துவைக்கிற வேலையும் அன்றைக்கே. ஊரிலிருந்து வருகிற எல்லோரும் சனிக்கிழமை மதியம் வரை தூங்கிவிட்டு, மாலை ஆறு மணிக்கு ஆல்டி சூப்பர்மார்க்கெட்டில் நீண்ட வரிசையில் நின்று, ஞாயிறு காலையில் தயிர் இல்லை என்று கண்டுபிடிக்கிறார்கள். ஈஸ்டருக்கு முன்பே எச்சரித்துவிடுகிறேன், வெள்ளி விடுமுறை, சனி திறப்பு, ஞாயிறும் திங்களும் மறுபடி மூடல். அந்த ஒரு சனிக்கிழமை கடைக்குள் கால் வைக்க முடியாது, வியாழன் மாலையே முடித்துவிடுவது புத்திசாலித்தனம். அதே விடுமுறைகளில் நல்லதும் உண்டு. மியூனிக்கில் வருடத்துக்கு 13 அரசு விடுமுறை, அவற்றில் இரண்டு எப்போதும் வியாழக்கிழமையில்தான் வரும், வெள்ளிக்கு ஒரு நாள் விடுப்பு போட்டால் நான்கு நாள் கையில். இந்த வெள்ளிகளை ஜனவரியிலேயே அலுவலகத்தில் எல்லோரும் பிடித்துவைத்துவிடுவார்கள், நீங்களும் ஜனவரியிலேயே கேளுங்கள்.

சரி, கடை இல்லாத நாளில் ஊர்க்காரர்கள் என்ன செய்கிறார்கள்? நடக்கிறார்கள். கேட்கச் சப்பென்று இருக்கும், ஆனால் பதில் அதுதான். அதிலும் புது இடம் தேடிப் போவதில்லை, பழகிய ஏரி, பழகிய காட்டுப் பாதை, பழகிய காபிக் கடை என்று வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் போகிறார்கள். நீங்கள் இதுவரை செய்தது சுற்றுலாப் பயணியின் வாரக் கடைசி. பெரிய இடமாகப் பார்த்து, விடியலில் கிளம்பி, படம் எடுத்து, களைத்துத் திரும்பி, அடுத்த வாரம் அதைவிடப் பெரிய இடம் இல்லையே என்று படுத்துவிடுவது. என் கருத்து, இது சட்டமோ ஆராய்ச்சியோ இல்லை, புதிதாக வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த அபிப்பிராயம்தான்: ஒரே ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்க அதிலேயே போய் வருகிறவர்கள் இந்த ஊரில் நிலைக்கிறார்கள். மே மாதம் பார்த்த ஏரியை அக்டோபரில் பார்க்கும்போதுதான் அது உங்களுக்குத் தெரிந்த ஏரியாகிறது.

எந்தப் பாதை என்று கேட்டால், தொடங்குவதற்கு எஸ்-8 என்ற புறநகர் ரயில். அது மேற்கே ஹெர்ஷிங் வரை போய் அம்மர்சே ஏரிக்கரையில் முடிகிறது, ஊர் நடுவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். ஸ்டேஷனை விட்டு இறங்கினால் சில நிமிடத்தில் தண்ணீர். அங்கிருந்து கீன்டால் என்ற ஓடைப் பள்ளத்தாக்கு வழியாக மரங்களுக்கு நடுவே மேலே ஏறினால் ஆண்டெக்ஸ் மடம் வருகிறது. நல்ல ஒரு மணி நேர நடை, கடைசிப் பகுதியில் மட்டும் மூச்சு வாங்கும். மேலே பெனடிக்டைன் துறவிகளின் தேவாலயம், பக்கத்திலேயே அவர்கள் பெயரில் காய்ச்சும் பீர். குடிக்காதவர்கள் ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த ஆப்ஃபெல்ஷோர்லே வாங்கலாம், யாரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள். சைவம் என்றால் கொஞ்சம் கவனம் தேவை. உருளைக்கிழங்கு சாலட்டை நம்பி வாங்குவோம், பவேரியாவில் அதை மாட்டிறைச்சி வேகவைத்த சாற்றில் ஊறவைப்பது வழக்கம், கேட்காமல் வாங்காதீர்கள். முறுக்கு வடிவ ரொட்டியான பெரிய பிரெட்ஸனும் ஒபாட்ஸ்டா என்கிற மிளகாய்த்தூள் நிறத்துச் சீஸ் விழுதும் போதும், ஒருவருக்குத் தாராளம். இறங்கும்போது அதே பாதை வேண்டாம் என்றால் பஸ் இருக்கிறது.

சாப்பாடு பற்றிப் பேச்சு வந்ததால் நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத ஒன்று. பவேரியாவின் மரபான பீர் தோட்டங்களில் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோய் உட்கார்ந்து சாப்பிடலாம். யாருக்கும் தெரியாமல் செய்கிற காரியம் இல்லை, உரிமை. 1812-ல் இங்கிருந்த அரசர் முதலாம் மாக்சிமிலியன், பீர் காய்ச்சுகிறவர்கள் தங்கள் நிலவறைகளுக்கு மேலேயே பீர் விற்கலாம், ஆனால் ரொட்டி தவிர வேறு உணவு விற்கக்கூடாது என்று உத்தரவு போட்டார், உணவகக்காரர்களின் புகாரைச் சமாளிக்க. அதனால் ஜனங்கள் சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார்கள், அந்த வழக்கம் இன்றைய மாநில விதியிலும் இருக்கிறது. குடிப்பதை மட்டும் அங்கே வாங்க வேண்டும், மேஜைவிரிப்பு போட்ட மேஜைகளை விட்டுவிட்டு வெறும் மரப் பலகை மேஜைகளில் உட்கார வேண்டும். ஹிர்ஷ்கார்டனில் சுமார் 8000 பேர் உட்காரலாம், பக்கத்திலேயே வேலிக்குள் மான்கள் மேய்கின்றன, கஷ்கொட்டை மர நிழலில் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் திறந்தால் எதிரில் இருப்பவர் அது என்ன என்று கேட்பார், அநேகமாகக் கேட்டே தீருவார். இடம் தேடும்போது ஒரே ஒரு வாக்கியம் போதும், "இஸ்ட் ஹீர் நோஹ் ஃப்ரை?", இங்கே யாராவது வருகிறார்களா என்று கேட்கிற மாதிரி. அந்நியரோடு ஒரே மேஜையில் உட்காருவது அங்கே சகஜம். மேஜையில் ஷ்டாம்டிஷ் என்று பலகை வைத்திருந்தால் மட்டும் உட்காராதீர்கள், அது வழக்கமாக வரும் கூட்டத்தின் இடம்.

ரயிலில் உறுதியாகச் சொல்லக்கூடிய சில விஷயங்கள். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதாந்திரப் பயணச் சீட்டு 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2025-ல் 58 ஆனது, 2026-ல் 63. இனியும் ஏறும் என்பது என் ஊகம். புறநகர் ரயிலான எஸ்-பான், மெட்ரோவான ஊ-பான், டிராம், பஸ், உள்ளூர் ரயில்கள் எல்லாவற்றிலும் செல்லும், ஐசிஇ, ஐசி போன்ற தொலைதூர ரயில்களில் செல்லாது. எல்லை தாண்டி சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரையும் குஃப்ஷ்டைன் வரையும் உள்ளூர் ரயிலில் இதே டிக்கெட் போதும். ஆனால் பாஸ்போர்ட்டையும் வதிவிட அட்டையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், 2015 முதல் ஆஸ்திரிய எல்லையில் திரும்பி வரும்போது போலீஸ் சோதனை உண்டு, போனில் உள்ள போட்டோ செல்லாது. டேகர்ன்சே, ஷ்லியர்சே ஏரிகளுக்குப் போகிற ரயில்களில் ஒரு சூட்சுமம். ஒன்றாகக் கிளம்புகிற ரயில் நடுவழியில், ஹோல்ட்ஸ்கிர்ஹன் மாதிரி இடங்களில், துண்டு துண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு திசையில் போகும். பெட்டி மேலே எழுதியிருக்கிற ஊரைப் பார்த்து ஏறாமல் காலியாக இருக்கிறதே என்று ஏறியவர்கள் டேகர்ன்சேக்குப் பதில் வேறு பள்ளத்தாக்கில் போய் இறங்குவது வாராவாரம் நடக்கிறது. இந்த ரயில்கள் கிளம்பும் 27 முதல் 36 வரையான பிளாட்பாரங்கள் ஹாப்ட்பான்ஹோஃபின் பிரதான மண்டபத்தை விட்டுத் தள்ளி ஒரு ஓரத்தில் இருக்கின்றன, ஊ-பானிலிருந்து ஓடினாலும் பத்து நிமிடம் வேண்டும். நகர நடுவே அநேகமாக எல்லா எஸ்-பானும் ஒரே சுரங்கப் பாதையில் போவதால், பராமரிப்பு என்று அதை மூடினால் வாரக் கடைசி முழுக்க எல்லாமே குழம்பும். வெள்ளி இரவு ஆப்பில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வெயில் அடிக்கும் செப்டம்பர் ஞாயிறில் ஒன்பது மணி ரயிலில் நிற்கவும் இடம் இராது, ஏழு மணி ரயிலில் ஜன்னலோரம் கிடைக்கும்.

மலைக்குப் போவது பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பாதைப் பலகைகளில் நீலம் என்றால் சுலபம், சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். கறுப்பு என்பது கொஞ்சம் செங்குத்து என்று பொருள் அல்ல, தவறி விழுந்தால் பிழைப்பது கஷ்டம் என்கிற இடங்கள் அதில் இருக்கும். கொடைக்கானல், ஏற்காடு அனுபவத்தை வைத்துக்கொண்டு ஓட்டப்பந்தய ஷூவில் கிளம்பாதீர்கள். ஊரில் 25 டிகிரி அடிக்கிற மே மாதத்திலும் 1800 மீட்டருக்கு மேலே நிழல் பக்கத்துப் பாதைகளில் பனி கிடக்கும், மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும். முதல் வருடம் நீலப் பாதைகள் போதும், கார்மிஷ் என்ற மலையடிவார ஊர்ப் பக்கத்தில் பார்ட்னாக்கிளாம் என்கிற குறுகிய பள்ளத்தாக்கு மாதிரி, கட்டணம் கொடுத்து உள்ளே போனால் பாறையைக் குடைந்த பாதையில் தலைக்கு மேலே தண்ணீர் சொட்டச் சொட்ட ஆற்றை ஒட்டியே நடக்கலாம். ஆபத்து என்றால் 112. ஜெர்மன் ஆல்ப்ஸ் சங்கம் 1869-ல் இதே மியூனிக்கில் தொடங்கியது, அதில் உறுப்பினராகச் சேர்ந்தால் மீட்புச் செலவுக்கான காப்பீடும் மலைக் குடில்களில் குறைந்த கட்டணமும் கிடைக்கும். அதைவிட முக்கியம், குழுவாக நடத்திக் கூட்டிப்போவார்கள்.

மழைக்கும் குளிர்காலத்துக்கும் தனியாக ஏற்பாடு வேண்டும், ஏனென்றால் டிசம்பரில் மாலை நாலரைக்கு முன்பே இருட்டிவிடும், பலருக்கு இந்த ஊர் கசந்துபோவது அப்போதுதான். ஞாயிறன்று ஆல்டே பினகோதேக் என்ற ஓவியக் காட்சியகம் உட்பட பல அரசு அருங்காட்சியகங்களில் நுழைவு ஒரு யூரோ. ஒரு யூரோ என்பதால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஜெர்மன் ஓவியர் டியூரர் 1500-ல் வரைந்த தன் சொந்த உருவப்படம் ஒன்று அங்கே இருக்கிறது, அதன் முன்னால் பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்துவிடலாம், அடுத்த மழைக்கு இன்னொரு அறை. டாக்கௌ நாஜி வதைமுகாம் நினைவிடத்துக்குக் கட்டணம் இல்லை, எஸ்-2 போகும், ஆனால் மனம் ஏற்கெனவே சோர்ந்திருக்கும் நாளில் அங்கே தனியாகப் போக வேண்டாம். நீச்சல் பிடித்தால் இஸார் ஆற்றங்கரையில் 1901-ல் திறந்த முல்லர்ஷெஸ் ஃபோல்க்ஸ்பாட் என்ற நீச்சல்குளம் இருக்கிறது, அரண்மனை மாதிரி கூரைக்குக் கீழே நீந்தலாம். யாரும் முன்கூட்டிச் சொல்லாத தகவல், வெப்ப அறையான ஜெர்மன் சானாவில் பொதுவாக நீச்சலுடைக்கு அனுமதி இல்லை, பெரும்பாலும் ஆண் பெண் சேர்ந்துதான், துண்டு மட்டும் கீழே விரித்துக்கொள்ள. விருப்பமில்லை என்றால் நீச்சல்குளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இனி மனிதர்கள். இதில் நான் சொல்வது எல்லாம் அனுமானத்துக்கு உட்பட்டது, அவரவர் சுபாவம் வேறு. இங்கே அலுவலக நண்பர்கள் "இன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்கு வாங்க" என்று கூப்பிட மாட்டார்கள், மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமையைக் காலண்டரில் குறிப்பார்கள். அது உங்களை ஒதுக்குவது இல்லை, அவர்களுக்குள்ளும் அப்படித்தான். அதனால் அழைப்புக்காகக் காத்திருக்காமல், வாரத்தில் ஒரே கிழமையில் ஒரே நேரத்தில் கூடுகிற ஒன்றில் சேர்ந்துவிடுங்கள். பேட்மிண்டன், பாடகர் குழு, டேபிள் டென்னிஸ் எதுவானாலும் சரி, கிரிக்கெட் ஆடுகிற கிளப்புகளும் உண்டு. ஆங்கிலத்தில் வேலை ஓடுகிறதே என்று ஜெர்மனைத் தள்ளிப்போடுவது பெரிய நஷ்டம், நகராட்சியின் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலேயில் மாலை வகுப்பு இருக்கிறது. ப்ளூ கார்டில், அதாவது தகுதி பெற்ற வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான வதிவிட அனுமதியில், இருப்பவர் என்றால் கணக்கும் நேராகவே இருக்கிறது, ஜெர்மன் மொழியில் பி1 நிலை இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர வதிவிடம் கேட்கலாம், தொடக்க நிலையான ஏ1 மட்டும் என்றால் 27 மாதம். தமிழ் வட்டமும் வேண்டும். பொங்கலுக்கு வாடகை மண்டபம் எடுத்துக் கூடுவார்கள், இலங்கைத் தமிழர் கடைகளில் முருங்கைக்காய் முதல் இடியப்ப மா வரை கிடைக்கும். எண்பதுகளில் போருக்குத் தப்பி வந்தவர்கள் இந்த நாட்டில் வேர் விட்டதால்தான் நமக்கு இதெல்லாம் கிடைக்கிறது. அவர்கள் ஹாம் நகரில் எழுப்பிய காமாட்சி அம்மன் கோயிலுக்கு 2002-ல் குடமுழுக்கு நடந்தது, கோடையில் தேர்த் திருவிழா. தூரம்தான், ஆனால் ஒரு நீண்ட விடுமுறையில் போய் வாருங்கள், கோபுரத்துக்கு எதிரே தொழிற்பேட்டை, நடுவே தேர். தமிழ் வட்டத்தோடு மட்டும் நின்றுவிடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். வாராவாரம் அதே நான்கு வீடுகளில் பிரியாணியும் விசா புலம்பலுமாக இருந்தால், ஆறு வருடம் கழித்தும் ஹெர்ஷிங் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள்.

ஒரு விஷயம் என் எல்லைக்கு வெளியே. அறைக்குள்ளேயே கிடப்பது சோம்பல் என்றால் மேலே சொன்னது உதவும். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வேலையிலும் கவனம் போகாமல் வாரக்கணக்கில் இருந்தால் அது நான் பதில் சொல்கிற விஷயம் இல்லை, உங்கள் குடும்ப டாக்டரிடம் போங்கள், காப்பீட்டில் அடங்கும். டாக்டர் மூடியிருக்கும் நேரத்தில் உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் காத்திருக்க முடியாத உடல்நலப் பிரச்சினைக்கு 116117 என்ற எண்.

பெர்லின் மாறலாமா? கடை நேரம் அங்கே தாராளம்தான், ஆனால் ஞாயிறு அங்கேயும் மூடல்தான், தனியாக இருப்பதும் ரயிலில் கூடவே வரும். அதோடு நடைமுறைச் சிக்கல் ஒன்று: ப்ளூ கார்டின் முதல் 12 மாதத்துக்குள் வேலை மாறினால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அவர்கள் 30 நாள் நிறுத்திவைத்துப் பரிசீலிக்கலாம், மறுக்கவும் செய்யலாம். நீங்கள் ப்ளூ கார்டில் வந்திருந்தால் இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அதுவரை இங்கேயே இருந்து பாருங்கள், இந்த ஞாயிறு எஸ்-8-ல் ஏழரை மணிக்கு மேல் ஏற வேண்டாம், ஹெர்ஷிங் பேக்கரியில் சூடாக ஏதாவது கிடைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேருங்கள்.